நாற்பதடி வீதி

ஜூலை 4, வெள்ளி

தாரணி, என் முட்டாயி, உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. வாய்விட்டுப் பேசினால் எதிர்வீட்டு ஜெயமணி சன்னலைத் திறக்கிறாள். அதனால் எழுதுகிறேன். இது உன் ஆபீசில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. நீ ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மேலே உன் முதலாளி சிவானந்தம் சார் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டு காலண்டர் தாளை ஒட்டிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிரிக்காதே.

நீ கண்ணை மூடி முப்பத்தைந்து நாள். இன்று அந்த சார் மூன்றாவது தடவையாக வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி. நீ நாலு வருசம் அங்கே வேலை பார்த்தாய், ஒருநாள் இந்தப் பக்கம் வந்ததில்லை. நீ டெங்குவில் படுத்திருந்தபோது போன் செய்து, "ஃபைலை அனுப்பிட்டயாம்மா?" என்று கேட்ட ஆள். இப்போது மட்டும் என்ன இவ்வளவு பாசம்? தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அலமாரி, கட்டில், கட்டிலுக்கு அடியில் என்று கண்ணை ஓட்டினார்.

"ஏனுங்கம்மா, தாரணி ஆபீஸ் நோட்டுக் கீட்டு ஏதாச்சும் வீட்டுல வெச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க சார்" என்றேன்.

நான் தேடிப் பார்க்கவே இல்லை. ஏன் இல்லை என்று சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதைக் கவனித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 5, சனி

விற்கிற இட்லி மாவை இரண்டு படி குறைத்துத்தான் ஆட்டினேன். அப்படியும் மிச்சம். பழங்களைத் தொடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஜெயமணி பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நைட்டிமேல் துண்டு. வீதியே கேட்கும்படி சத்தம்.

"அக்கா, நம்ம தலையில கல்லப் போட்டுட்டானுங்க! இதப் படிங்க!"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம் வீதிக் கடைசியில், மாலுக்குப் பின்பக்கம், நாலு வீடு இடித்துக் கிடக்கிறதே, அந்த இடத்தைக் குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்துக்கு மாற்றப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் இருபத்தொரு நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். விளம்பரம் மூன்றாம் தேதியே வந்திருக்கிறது. யார் கண்ணிலும் படாத மூலையில், நாய் காணவில்லை விளம்பரத்துக்குக் கீழே. அங்கே ஏன் போட்டார்கள்?

நம் நகர்ச் சங்கச் செயலாளர் திருமூர்த்தி அண்ணன் வந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் எல்லாரையும் டிக்கெட் எடுக்காதவர்கள் மாதிரியே பார்க்கிறார். அவர்தான் விளக்கினார். மாலுக்கு முன்பக்கம் மெயின் ரோட்டில் லாரி நிறுத்த விடமாட்டேன் என்கிறார்களாம். அதனால் பின்பக்கம் கேட் வைத்து, சரக்கு லாரியெல்லாம் நம் வீதி வழியாக விடப் போகிறார்கள்.

"நர்சரி ஸ்கூல் இருக்குதுங்களே அண்ணா முக்குல? பசங்க நடந்து போற வீதி" என்றேன்.

"அதெல்லாம் அவனுங்களுக்கு என்னங்க. பேசி முடிச்சிருப்பானுங்க" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அவருக்கு முன்னமே தெரியும் என்று நினைக்கிறேன். போன மாதம் மால் வாசலில் கோட்டுப் போட்ட ஒருவனோடு அவர் காப்பி குடித்ததை நான் பார்த்தேன். செயலாளருக்கு மாலில் என்ன வேலை?

ஜூலை 8, செவ்வாய்

உன் ஆபீஸ் பையைத் திறந்தேன். இத்தனை நாள் ஆணியில் தொங்கியது, தொடத் தைரியம் வரவில்லை.

டிபன் பாக்ஸ் இருந்தது. கழுவியிருந்தாய். நீளமான அளவு டேப். நாலு பேனா. சுருட்டின ஒரு பெரிய தாள்.

தாளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு சாத்துக்குடி வைத்தேன். அவர் கொண்டுவந்த பழம் அதற்காவது ஆயிற்று. மால் படம். எல்லாம் இங்கிலீஷ். ஆனால் நம் வீதி எனக்குத் தெரிந்துவிட்டது, முக்கில் ஸ்கூல் வளைவு அப்படியே இருக்கிறது. இரண்டு நேர்க்கோடு போட்டு நடுவில் 12.20 என்று எழுதியிருக்கிறது. கீழே மூலையில் சின்ன எழுத்தில் உன் பெயர். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, உன் பெயர் மட்டும் எனக்கு இங்கிலீஷில் தெரியும்.

இது அவர்கள் வேலை. நீ இல்லாத தைரியத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாள் நீ இருக்கும்போதே உன் பையில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அது எப்படியோ வந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

12.20 மீட்டர் என்றால் நாற்பதடி என்று பார்மசிக்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீதி நாற்பதடியா?

உன் டேப்பை எடுத்துக்கொண்டு ஜெயமணியைக் கூப்பிட்டேன். ஒரு முனையை அவள் வீட்டுக் கார் ஏற்றும் சாய்தளத்தில் பிடித்தாள். நான் நம் மாவுக் கொட்டகைச் சுவரில் பிடித்தேன். இருபத்து மூன்று அடி. இரண்டு தடவை அளந்தோம்.

"நாப்பதடியாமா! அப்புறம் எதுக்குக்கா நான் டெய்லியும் நடுரோட்டுல நின்னு, 'வாங்க, வாங்க, ஒடிங்க, ஐயோ அக்கா செவுரு'ன்னு என்ற வீட்டுக்காரருக்குக் கத்தீட்டு இருக்கறேன்?"

படத்தை அவளுக்குக் காட்டினேன். உன் பெயரையும் காட்டினேன். "பாரு ஜெயமணி, செத்த புள்ள பேர்ல பொய்க் கணக்கு எழுதியிருக்கானுங்க" என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமாங்கக்கா" என்றாள். கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.

ஜூலை 11, வெள்ளி

மாவு ஆட்டவில்லை. உன் ஆபீசுக்குப் போனேன். உன் நாற்காலியில் வேறொரு பெண். நல்ல பெண்தான், எழுந்து நின்றாள்.

சிவானந்தம் சாரிடம் நேராகக் கேட்டேன். "இருவத்து மூணடி வீதிய நாப்பதடின்னு என் புள்ள பேர்ல ஏன் சார் எழுதுனீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு பழைய படத்தை எடுத்தார். மஞ்சள் பூத்துப்போய், மடிப்பெல்லாம் கிழிந்து.

"அம்மா, இது உங்க நகர் லேஅவுட். எண்பத்தெட்டுல அப்ரூவல் ஆனது. பாருங்க, வீதி நாப்பதடி. நான் எழுதலீங்க, கவர்மெண்ட் எழுதுனது."

"அப்ப என் டேப் பொய் சொல்லுதா?"

"டேப் பொய் சொல்லாதுங்கம்மா." படத்தை மடிப்பு மடிப்பாக மடித்தார். "தாரணிதான் வந்து அளந்துச்சு. ரெண்டு தடவ. 'சார், இந்த வேலைய வேற யாருக்காச்சும் குடுங்க'ன்னு கூடக் கேட்டுச்சு. உனக்குத் தெரிஞ்ச வீதிதானேம்மா, என்னன்னேன். ரெண்டு நாள் கழிச்சுப் படத்த முடிச்சுக் குடுத்துருச்சு."

பொய். நீ நம் வீதியை அளந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? நான் காலையில் மாவு கொடுக்க மூன்று வீதி சுற்றும் நேரம் ஒன்று இருக்கிறதுதான். இருந்தாலும் பொய்.

கிளம்பும்போது மறுபடியும் கேட்டார், "அந்த அளவு நோட்டு மட்டும் கிடைச்சா குடுத்துருங்கம்மா, ஆபீஸ் சொத்து." ஒரு நோட்டுக்கு எதற்கு மூன்று தடவை பழம்?

பஸ்ஸில் வரும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. அதை எழுத வேண்டாம்.

ஜூலை 12, சனி

கொட்டகையைக் கழுவிவிட்டேன். கிரைண்டரை நகர்த்தவில்லை. அதற்கு அடியில் கழுவ வேண்டிய அவசியம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

திருமூர்த்தி அண்ணன் ஒரு மனுவோடு வந்தார். வீதியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவரைப் பற்றி நான் நினைத்தது தப்போ என்று மனது கொஞ்சம் இளகியது. அந்தக் கோட்டுக்காரன் அவர் மருமகனாம், மாலில் செருப்புக் கடை மேனேஜர். பிறகு மனுவைப் படித்தேன். தூசி வரும், சத்தம் வரும், பெரியவர்களுக்குத் தூக்கம் கெடும். அவ்வளவுதான்.

"வீதி இருவத்து மூணடிதான்னு எழுதலீங்களா அண்ணா? அதானே முக்கியம்? லாரி எப்படித் திரும்பும்?"

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நாச்சம்மா, அத மட்டும் எழுதக் கூடாது. எழுதுனா அளக்க வருவாங்க. அளந்தா நாப்பதுல மீதி பதினேழு எங்கன்னு கேப்பாங்க. என்ற தண்ணித் தொட்டி போயிரும். ஜெயமணியோட சாய்தளம் ஒம்பதடி. உன்ற கொட்டகை எட்டடி."

"என்ற கொட்டகையா?"

"ஏம்மா, தெரியாத மாதிரி கேக்கற" என்றார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஒருத்தன் படிய ஒரடி முன்னால வெச்சா, எதுத்த வீட்டுக்காரன் அடுத்த மாசமே ஒரடி வெச்சான். முப்பது வருசமா இதானே நடக்குது. எல்லாத்துக்கும் தெரியும். யாரும் பேசறதில்ல."

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். கை எண்ணெயாக இருக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். என் கையில் எண்ணெய் இல்லை.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

உன் அப்பா நம்மை விட்டுப் போன வருசம். கையில் கிரைண்டர் ஒன்றுதான். அதை வைக்க இடமில்லை. முன்னால் கொட்டகை போட மேஸ்திரி குழி தோண்டியபோது ஒரு கல் தட்டுப்பட்டது. தலையில் ஒரு அம்பும் நம்பரும் வெட்டின கல். "அக்கா, இது சர்வே கல்லுங்க, வீதி எல்லை இதான். என்னங்க பண்றது?" என்று கேட்டான். "மேல காங்கிரீட்டப் போடு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. உனக்கு ஏழு வயசு, ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும்.

காங்கிரீட் போட்டும் தலை மட்டும் இரண்டு விரல் உயரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ கேட்டாய், "அம்மா, இது என்ன கல்லு?" நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், "சாமிக் கல்லு கண்ணு, மிதிக்காத." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாய். பரீட்சைக்கு முன்னால் ஒரு சூடமும். கவர்மெண்ட் கல்லுக்கு! நான் பார்த்துக்கொண்டே உளுந்து ஊற வைப்பேன், திருத்தவில்லை. பிறகு பெரிய கிரைண்டர் வாங்கி அதன்மேல் வைத்தேன்.

நீ ப்ளான் போடும் ஆபீசுக்குப் போன முதல் வாரமே உனக்குத் தெரிந்திருக்கும், இல்லையா? வேலையே கல் தேடுவதுதானே? நாலு வருசம். ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ.

இன்று கிரைண்டரை நகர்த்தினேன். தோள்பட்டை விட்டுப் போயிற்று. கல் அங்கேயேதான் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. வருசா வருசம் இந்த நாளில் நாம் சுடும் தேங்காயைச் சுடவில்லை. யாருக்காகச் சுடுவது?

ஜூலை 19, சனி

உன் ஸ்கூட்டியை விற்றுவிடலாம் என்று மெக்கானிக்கை வரச் சொன்னேன். சீட்டைத் திறந்தார். மழைக்கோட்டு, அதற்குள் சுற்றி ஒரு நோட்டு.

சிவானந்தம் சார் கேட்ட நோட்டு இதுதான். ஸ்கூட்டியை விற்கவில்லை என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டேன்.

அளவெல்லாம் தமிழில் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வீடும். "ஜெயமணி அக்கா சாய்தளம் 9 அடி." "செயலாளர் தொட்டி 6 அடி." "டெய்லர் வீடு, படி, துவைக்கிற கல் 7 அடி." அந்தப் பக்கத்தில் "நாச்சம்மாள்" இல்லை. "மாவுக் கொட்டகை" இல்லை. "அம்மா 8 அடி" என்று இருக்கிறது.

அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு வெளியே போய்ச் சும்மா நின்றேன்.

பிறகு கடைசிப் பக்கம் பார்த்தேன். வீதியைச் சின்னதாக வரைந்து, "தரையில் 7 மீட்டர்" என்று எழுதியிருக்கிறாய். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. ஒரே கோடு, ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி நேராக. பக்கத்தில் 12.20. மே மாதம் இருபத்தைந்தாம் தேதி. மறுநாள் ராத்திரிதான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

அந்த ஆள் பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நிச்சயம் அப்படித்தான்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று உனக்கு ஆபீஸ் இல்லை. கொட்டகை வாசலில் என்னோடுதான் உட்கார்ந்திருந்தாய், மடியில் ஏதோ நோட்டு. காப்பி வேண்டுமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினாய்.

ஜூலை 21, திங்கள்

ஜெயமணி வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. இருபது வருசத்தில் அவள் வாசலில் நின்றதில்லை.

"ஏனுங்கக்கா, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும் என்ன ரோசன பண்ணீட்டு இருக்கறீங்க?"

"நாளைக்குப் போடறேன்."

"மால்காரன் ஏதாச்சும் சொல்லியனுப்பினானாக்கா? இல்ல, உங்க புள்ள ஆபீஸ்காரரு பழம் பழமாக் கொண்டாந்து தர்றாரே, அதான் கேட்டேன்."

"ஜெயமணி, வாய அளந்து பேசு."

"நான் எங்கக்கா அளக்கறேன்? அளந்தது உங்க வீட்டுலதான். அந்தப் படத்துல யாரு பேரு இருந்துச்சுன்னு நீங்கதானே காட்டுனீங்க?"

போய்விட்டாள். இத்தனை நாள் நான் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீதியே என் முகத்தைப் பார்க்கிறது. சொன்னது அவள், ஆனால் கையில் எடுத்துக் கொடுத்தது நான்.

ஜூலை 22, செவ்வாய்

மாவு வாங்க ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தும் அடுத்த வீதி.

ஜூலை 23, புதன்

ஊரமைப்பு ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். கவுண்டரில் ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. நீளமாக விளக்காமல் நேராகச் சொன்னாள்.

"தூசி, சத்தம்னு எழுதுனா வாங்கி வெச்சுக்குவோம்மா. எல்லா இடத்துலயும் அதத்தான் எழுதறாங்க. ரோடு அகலந்தான் முக்கியம். பேப்பர்ல நாப்பது இருக்குது. தரையில கம்மியா இருக்குதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா ஆள் வந்து அளப்பாங்க. குடுக்கலீன்னா பேப்பர்ல இருக்கறதுதான்."

"அளந்தா கேட் வராதுங்களா?"

"பெரிய வண்டிக்கு இருவத்து மூணு பத்தாதும்மா. அனேகமா வராது. ஆனா ரோட்டுல யார் யாரு முன்னால வந்திருக்காங்கன்னும் சேத்துக் குறிச்சுட்டுப் போவாங்க. அப்புறம் நோட்டீஸ் வரும்." கொஞ்சம் தயங்கி, "உங்க வீடு எப்படிம்மா?" என்று கேட்டாள்.

மனுவை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். நாளைக்குக் கடைசி நாள், ஐந்து மணிக்குள் வாருங்கள் என்றாள்.

எழுதாவிட்டால் கொட்டகை நிற்கும். உன் பெயர் அந்தப் படத்தில் அப்படியே ஒரு கேள்வியும் இல்லாமல் இருக்கும். லாரி வரும். நர்சரி ஸ்கூல் விடும் நேரத்தில் அந்த முக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீதான் அந்த வளைவை வரைந்தாய்.

எழுதினால் என் அடுப்பும் போகும், வீதியில் என்னோடு பேசவும் யாரும் இருக்க மாட்டார்கள். படம் போட்டது யார் என்று கேட்பார்கள். கேட்டால் உன் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

காலையில் எல்லாருக்கும் மாவு கொடுத்தேன். வாங்காதவர்கள் வாசலிலும் ஒரு பாக்கெட் வைத்தேன். ஜெயமணி வீட்டுச் சாய்தளத்திலும். எடுத்தாளா தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஊரமைப்பு ஆபீசுக்குப் போய்விட்டேன். மனுவை நானே எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கவுண்டர் பொண்ணு நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ஆட்சேபணைக்குப் பெரிய 'ற' வராதும்மா, 'ட'தான்" என்றது. பரவாயில்லை என்றேன். வீதி காகிதத்தில் நாற்பது, தரையில் இருபத்து மூன்று, மீதியை நாங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம், அதில் என் கொட்டகை எட்டடி, எல்லைக் கல் என் கிரைண்டருக்குக் கீழே இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று எழுதினேன். மற்றவர்கள் பெயரை எழுதவில்லை. டேப் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

"இருவத்து மூணுன்னு யாரும்மா அளந்தது?"

"நான் அளந்தேன். எனக்கு முன்னால என்ற புள்ள அளந்துச்சு. அதுக்குத் தெரியும் இந்த வேல."

நோட்டைக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. "அம்மா 8 அடி" வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கடைசிப் பக்கத்தையும் பார்த்தது. எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, நோட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. "இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா." மனுவின்மேல் சீல் விழுந்தது. நாலு மணி நாற்பது.

"அடுத்த வாரம் ஆள் வருவாங்க. உங்க கொட்டகையையும் சேத்துத்தான்."

"வரட்டுமுங்க" என்றேன்.

பஸ்ஸில் சிவானந்தம் சார் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. சந்தேகப்பட இனிமேல் ஒரு ஆளும் மிச்சமில்லை, கடைசிப் பக்கத்தைத் தவிர. வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைத்தான் முதலில் எழுதியிருக்கிறாய். அதை அனுப்பியிருந்தால் அளக்க ஆள் வந்திருக்கும், கொட்டகை போயிருக்கும். அனுப்பாததால் கேட் வர இருந்தது. சார் அடிக்கச் சொன்னாரா? ஞாயிற்றுக்கிழமை, என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மாவு அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நீயாக அடித்தாயா? அவர் சொன்னார் என்றால் நான் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். எனக்காக என்றால், நீ எனக்காக மறைத்ததைத்தான் இன்று கவுண்டரில் நீட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கோட்டை யாருக்காக அடித்தாய், கண்ணு?